முதல் காது

பதினொரு வருஷம் பாட்டே போடாமல் இருந்துவிட்டு, ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு 'மூணாவது பிளாட்பாரம்' என்ற உள்ளூர்ப் பாட்டுக் குழுவினர் தங்கள் புதிய தொகுப்பை வெளியிட்டபோது, அதிலிருந்த ஏழு பாட்டையும் ஒரு ஆள் ஒரே ஒரு தடவைதான் கேட்க முடியும் என்று ஆவுடையாள்புரத்தில் ஒருவருக்கும் தெரியாது. முதல் தடவை எல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டது. இரண்டாம் தடவை போட்டபோது நிமிஷம் நகர்ந்தது, விநாடி நகர்ந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஊரே போனைத் தூக்கிக்கொண்டு ரசிகர் மன்றத் தலைவர் ஆவுடையப்பனின் செல்போன் கடைக்கு ஓட, அவரும் பதினாறு போன்களைக் கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தூசி தட்டி மாட்டிப் பார்த்துவிட்டு, பதினேழாவதைத் திறக்கும்போது, வாசலில் கூடையை இறக்கி வைத்திருந்த கீரைக்காரி தலையை ஆட்டிக்கொண்டே, "நல்லாத்தானய்யா பாடுதான், எதுக்கு அதப் போட்டு நோண்டுத?" என்று கேட்டாள். அவள் அதுவரை கேட்டிராதவள். அப்போதுதான் குறை போனில் இல்லை, கேட்டு முடித்த காதில் என்று எல்லாருக்கும் விளங்கியது.

அதற்குமேல் ஊர் காரணம் கேட்கவில்லை. மழை ஏன் ஒரு தெருவில் பெய்து மறு தெருவில் பெய்யாமல் போகிறது என்று யார் கேட்கிறார்கள்? பத்திரிகைக்காரர்கள் குழுவின் பாடகர் சூசையிடம் கேட்டதற்கு, "எங்களுக்கும் அப்படித்தான் இருக்கு, மன்னிக்கணும்" என்று மட்டும் சொன்னாராம். தொகுப்புக்குப் பெயரே 'தாமதத்திற்கு வருந்துகிறோம்'. ஸ்டேஷனில் சொல்வதுபோல வருத்தம் தெரிவித்துவிட்டு, போனையும் அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஊர் தன் வழியில் ஒழுங்கு பண்ணிக்கொண்டது. டீக்கடைகளில் 'இங்கு பிளாட்பாரம் பாட்டு போடப்பட மாட்டாது' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். இன்னும் கேட்காதவர்கள் கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் போகும்போது மைக் செட்டுக்குப் பயந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், "பொண்ணு இன்னும் ஒரு பாட்டுக்கூடக் கேக்கல, கட்டிக்கப்போறவரோட சேந்து கேக்கணும்னு வச்சிருக்கா" என்று தாய்மார்கள் பெருமை பேசினார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் அதை ஒரு சீர்வரிசையாகவே எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் குக்கர் விசில் அடித்துவிட்டதால் நாலு வரியைப் பறிகொடுத்த ஒருத்தி, ஐந்தாவது பாட்டில் தும்மித் தொலைத்த ஒருத்தரைத் தேடிப்போய், அவர் கேட்டதை வாய்வார்த்தையாகத் தான் வாங்கி, தான் கேட்டதை அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலமானால் தெருமுனைகளில் இப்படி ஆளுக்கு ஆள் பாட்டை ஒட்டுப்போட்டுக் கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம், ஏழாவது பாட்டின் கடைசி நாலு வரியைத்தான் ஒட்ட முடியவில்லை. தீப்பெட்டியும் பட்டாசும் தின்று வளர்ந்த ஊர் செய்யும் வேலையை அன்று ஊர் செய்திருந்தது. வெளியீட்டு நாளில் கல்யாண மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கர் கட்டி, அறுநூறு பேர் கூடி, மூச்சுவிடாமல் ஆறு பாட்டையும் கேட்டவர்கள், ஏழாவது முடியப்போகிறது என்று தெரிந்ததும் பொறுக்கமாட்டாமல் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டார்கள். கொளுத்தியது ஆவுடையப்பன்தான். சரம் வெடித்து ஓய்ந்தபோது பாட்டும் ஓய்ந்திருந்தது. வீட்டில் தனியாகக் கேட்டவர்களுக்கும் அந்த வெடிச்சத்தம்தான் மிஞ்சியது, ஏனென்றால் ஊர் மொத்தமும் அதே எட்டு மணிக்குத்தான் பொத்தானை அமுக்கியிருந்தது. பஞ்சு வைத்துக் காத்திருந்தவர்கள் யாராவது கேட்டுச் சொல்லட்டும் என்றால், சீர்வரிசையை யார் இப்போதே பிரிப்பார்கள்? வெளியூர்க்காரர்களிடம் கேட்கலாம்தான். ஆனால் எங்கள் ஊர்க் குழுவின் பாட்டை அடுத்த ஊர்க்காரனிடம் போய்க் கேட்பதா என்று ஊருக்கு ஒரு ரோஷம்.

அன்று மண்டபத்திலும் இல்லாமல் வீட்டிலும் இல்லாமல் கேட்ட ரசிகை ஒருத்தி உண்டென்றால் அது வேலுத்தாய்தான். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் போடுகிறவள். ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி இருக்கும் இடம் இல்லை, தீப்பெட்டி செய்யும் இடத்தை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஆபீஸ் வண்டி காலை எட்டு மணிக்குக் கிளம்பி, தெப்பக்குளம், பருத்தி மில், ரயில்வே கேட், கருப்பசாமி வளைவு என்று நின்று நின்று நாற்பது நிமிஷத்தில் ஆபீஸ் வாசலுக்குப் போகும். அதில் இடது பக்கம் நாலாவது ஜன்னல் சீட்டு வேலுத்தாயினுடையது. அதை ஒட்டிய சீட்டில் பதினொரு வருஷமாக அவளுடைய தூக்குச்சட்டிப் பைதான் உட்கார்ந்து வருகிறது.

அதற்கு முந்திய ஒன்பது வருஷம் அந்த இடத்தில் ஜெபக்கனி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய ஒரே இயர்போன். அதில் 'ஆர்' என்று எழுதியிருக்கும் பீஸ் வேலுத்தாயின் வலது காதுக்கு, 'எல்' என்று எழுதியிருக்கும் பீஸ் ஜெபக்கனியின் இடது காதுக்கு. 'மூணாவது பிளாட்பாரம்' குழுவின் முதல் இரண்டு தொகுப்பையும் அந்த வண்டியில் அப்படித்தான் தேயத் தேயக் கேட்டார்கள். பாட்டு நல்லா இருக்கு, சுமாரா இருக்கு என்றெல்லாம் அவர்கள் சொல்வதில்லை. "இது மில்லு வரைக்கும்தான் நிக்கும்" என்றால் அதற்குமேல் மனசில் தங்காது என்று அர்த்தம். "இது கருப்பசாமி வளைவு தாண்டும்" என்றால் உசத்தி. "ஆபீஸ் வாசல்" என்று மொத்தமே மூன்று பாட்டுக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு மதுரையில் ஒரு கச்சேரி வந்தது. இரண்டு பேரும் போவதாக இருந்து, வேலுத்தாயின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததால், "நீ இல்லாம நானும் போகமாட்டேன்" என்று ஜெபக்கனி சொல்லிவிட்டாள். ஒரு வாரம் கழித்து யாரோ காட்டிய வீடியோவில் முதல் வரிசையில் நின்று கையைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தவள் ஜெபக்கனி. மறுநாள் வண்டியில் வேலுத்தாய் சண்டை போடவில்லை, அழவில்லை. இருபத்தேழு வயசுப் பொம்பளை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிச் சுண்டுவிரலை நீட்டி, "காய்" என்றாள். ஜெபக்கனி என்னவோ சொல்ல வாயெடுத்தாள், வேலுத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று மாதத்தில் ஜெபக்கனி கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள். வேலுத்தாய் கல்யாணத்துக்குப் போகவில்லை, அதற்காக அழாத வருஷமும் இல்லை. காய் விட்டவள்தான் முதலில் இரண்டு விரலை நீட்டிப் பழம் விட வேண்டும் என்பது சின்னப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சட்டம். அதைச் செய்ய அவளுக்குக் கை வரவில்லை.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமையும் அவள் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, ஆர் பீஸை வலது காதில் சொருகிக்கொண்டு, எல் பீஸைப் பழக்கதோஷத்தில் தூக்குச்சட்டிப் பையின்மேல் தொங்கவிட்டு, ஏழு பாட்டையும் கேட்டாள். மன்றத்துக்காரர்கள் புதுப்பாட்டைக் கேட்டவுடன் மனசில் பட்டதை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டும், அதற்கு 'முதல் காது' என்று பெயர். அவளும் எழுதினாள்.

"முதல் காது. வேலுத்தாய், ஆவுடையாள்புரம். சூசை அண்ணாச்சி இந்தத் தடவை பாடவே இல்லை. ஏழு பாட்டிலும் கிட்டாரும் தபேலாவும் வயலினும்தான். யாரோ வருவார்கள் என்று வாசலைத் திறந்து வைத்துவிட்டு வாத்தியங்கள் மட்டும் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. நாலாவது பாட்டு கருப்பசாமி வளைவு தாண்டும்."

மன்றமே சிரித்து மாளவில்லை. சூசை தொண்டை கிழியப் பாடியிருக்கிறார், இவள் பாடவே இல்லை என்கிறாளே என்று ஆளாளுக்குக் கிண்டல் படம் போட்டார்கள். "யக்கா, காதுல தீக்குச்சி மருந்து போயிருச்சா?" என்று கேட்டார் ஆவுடையப்பன். வீட்டில் அவள் புருஷன் சுடலைமுத்து, "ஏளா, ஒனக்குப் பாடலைன்னா பாடலைதான், விடு" என்று சொன்னான், அவனுக்குப் பாட்டும் ஒன்று, பம்புசெட்டும் ஒன்று. வேலுத்தாய்க்கு அவமானத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பெயர் போடாத ஒரு எண்ணிலிருந்து மன்றக் குழுவில் இன்னொன்று வந்தது.

"முதல் காது. நான் வெளியூர். எல்லாரும் வயலின் பிரமாதம் என்கிறீர்கள், எனக்கு ஒரு வாத்தியமும் கேட்கவில்லை. காலி ஸ்டேஷனில் நின்று ஒரு மனுஷன் தனியாகப் பாடுகிற மாதிரி இருக்கிறது. பக்கத்தில் யாராவது தாளம் போட்டால் தேவலை என்று தோன்றியது. இரண்டாவது பாட்டு பருத்தி மில் வரைக்கும். நாலாவது கருப்பசாமி வளைவு. ஏழாவதுக்கு ஸ்டாப் சொல்லவில்லை, பக்கத்து சீட்டில் ஆள் இல்லை."

"இன்னொரு லூசு" என்று யாரோ கீழே எழுதினார்கள். வேலுத்தாய் சோற்றுக் கையோடு எழுந்து நின்றாள். உலகத்தில் பாட்டை மில்லு, வளைவு என்று அளக்கிறவர்கள் இரண்டே பேர். உலகத்தில் எல் பீஸை மட்டும் காதில் வைத்து ஆர் பீஸைத் தொங்கவிடுகிறவள் ஒரே ஒருத்தி. பாட்டுக் குழுவினர் குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை மறுபக்கமும் வைத்திருக்கிறார்கள், இவள் ஒரு பாதியைக் கேட்டிருக்கிறாள், திருப்பூரில் அவள் மறுபாதியைக் கேட்டிருக்கிறாள். பதினொரு வருஷமாக அவளும் மறு பீஸைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் வேலுத்தாய்க்குத் தெரிந்தது.

கையைக் கழுவிவிட்டு வந்து, எல் பீஸை எடுத்து இடது காதில் வைத்து முதல் பாட்டை அமுக்கினாள். சூசை தொண்டையைச் செருமினார். "ஏ…" என்று ஒரு எழுத்து ஆரம்பித்தார். வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள். "எடது காது கேக்குது!" என்று அவளையறியாமல் கத்தியது பண்டல் போடும் அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கணக்கு ஆளுக்கு ஒன்று இல்லை, காதுக்கு ஒன்று. ஆனால் இரண்டு காதையும் ஒரே மூச்சில் செலவழித்துவிட்டு நின்ற ஊரில், ஒரு காதை மிச்சம் வைத்திருந்தவள் வேலுத்தாய் ஒருத்திதான். நேற்றுவரை கேலி செய்தவர்கள் இன்று அவள் இடது பக்கமாக வந்து மெதுவாகப் பேசினார்கள். ஒருத்தி வெதுவெதுப்பான நல்லெண்ணெய் கொண்டுவந்தாள். ஆபீஸில் அந்தக் காதுப் பக்கம் யாரும் மிஷின் ஓட்டக் கூடாது என்றார் மேஸ்திரி. ஆவுடையப்பன் புது நோட்டும் பேனாவுமாக வந்து வீட்டு வாசலில் நின்றார். சரத்தைக் கொளுத்திய நாளிலிருந்து அவர் முகம் தெளியவில்லை.

"யக்கா, நான் செஞ்ச பாவம், ஊருக்கே கடைசி நாலு வரி போச்சு. நீ ஒரு தடவ அந்தக் காதுல கேட்டு அத மட்டும் சொல்லிரு. ஒன் கால்ல வேணும்னாலும் விழுதேன்."

"வேற யாருக்கோ வச்சிருக்கேன், அண்ணாச்சி."

"காத யாருக்காவது வச்சிருப்பாகளா?"

"நான் வச்சிருக்கேன்."

ஊருக்குக் கோபம்தான். "ரொம்பத்தான் கிராக்கி பண்ணுதா" என்றார்கள். நல்லெண்ணெய் கொடுத்தவள் கிண்ணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வேலுத்தாய்க்கும் ஆசை இல்லாமல் இல்லை. அந்த ஒரு "ஏ…" ராத்திரி முழுக்க அவளை இழுத்தது. பதினொரு வருஷம் காத்திருந்த குரல் உள்ளங்கையில் கிடக்கிறது, அமுக்கினால் வந்துவிடும், வந்துவிட்டால் அதோடு போய்விடும். அதைவிடப் பெரிய பயம் வேறு. இடது காதைக் காப்பாற்றி வைத்து, ஜெபக்கனி வராமலே போனால்? மறுநாள் வண்டியில், தூக்குச்சட்டிப் பையைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பெயரில்லாத எண்ணுக்கு ஒரே ஒரு வரி எழுதினாள். 'எப்படி இருக்க'வும் இல்லை, 'மன்னிச்சிரு'வும் இல்லை.

"ஆர் பீஸ் எங்கிட்டதான் இருக்கு."

மில் வந்தது, கேட் வந்தது, பதில் வரவில்லை. கருப்பசாமி வளைவில் வந்தது.

"ஜன்னல் சீட்டு யாருக்கு?"

வேலுத்தாய் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட, 'நீ உக்காருதியா' என்று அவள் கேட்டதில்லை. முதலில் ஏறுகிறவள் அவள், உட்கார்ந்தாள், அதோடு சரி. ஜெபக்கனியும் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்கு வேண்டாமல் இருக்கும் என்று இவளாக நினைத்துக்கொண்டாள். "ஒனக்குத்தான்" என்று எழுதி அனுப்பும்போது ஆபீஸ் வாசல் வந்து, அவள் இறங்க மறந்து, டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டியதாயிற்று.

'நாளைக்கு வாரேன்' என்று ராத்திரி பதில் வந்தது. சனிக்கிழமை காலை ஆபீஸ் வண்டியில் என்றுமில்லாத கூட்டம். எப்படித்தான் தெரியுமோ, தீப்பெட்டிக்குச் சம்பந்தமே இல்லாத ஆவுடையப்பன்கூட நோட்டோடு கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஜெபக்கனி ஏறினாள். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள், முன்முடியில் நரை வந்திருந்தது. வேலுத்தாய் எழுந்து, தூக்குச்சட்டிப் பையை மடியில் எடுத்துக்கொண்டு, வழிவிட்டாள். ஜெபக்கனி ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்து, கண்ணாடியைக் கையால் ஒரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு நான் ஏன் போனேன்னு கேக்கவே இல்லயே நீ."

"கேக்கல."

"ஒரே ஒரு தடவ ரெண்டு காதாலயும் கேட்டுப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு, வேலு. அதான் போனேன்."

"கேட்டியா?"

"கேட்டேன். நல்லாவே இல்ல."

வேலுத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒனக்கு ஜன்னல் வேணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"எனக்கு எதுக்கு ஜன்னலு? நான் பாத்ததெல்லாம் ஒன்னையத்தான. நீதான் வெளிய பாத்துக்கிட்டே வருவ."

இடம் மாறி உட்கார்ந்ததில் காதும் மாறியிருந்தது. இப்போது ஒருத்தியை ஒருத்தி ஒட்டியிருந்தது வேலுத்தாயின் இடது காதும் ஜெபக்கனியின் வலது காதும். எல் இவளுக்கு, ஆர் அவளுக்கு. வேலுத்தாய் பொத்தானை அமுக்கினாள். சூசை அந்த 'ஏ…'யை விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தார். வண்டியில் ஒருவரும் இருமவில்லை. டிரைவர் ஆட்டுமந்தைக்குப் பின்னால் ஹாரன் அடிக்காமல் மெதுவாக ஊர்ந்து போனார், ரயில்வே கேட்டில் வண்டியை முட்டைமேல் ஏற்றுவதுபோலத் தண்டவாளத்தில் ஏற்றி இறக்கினார். வேலுத்தாய்க்குக் குரல் மட்டும்தான் கேட்டது, ஆனால் வலது காது மனப்பாடமாக வைத்திருந்த தாளத்தை அவள் விரல்கள் தூக்குச்சட்டி மூடியில் சத்தம் வராமல் போட்டுக்கொண்டே வந்தன. ஜெபக்கனிக்கு வாத்தியம் மட்டும்தான் கேட்டது, அவள் உதடுகள் சத்தம் வராமல் வார்த்தைகளை அசைத்துக்கொண்டே வந்தன. இவள் அவள் உதட்டைப் பார்த்தாள், அவள் இவள் விரலைப் பார்த்தாள். நாற்பது நிமிஷமும் ஒருத்தியும் வெளியே பார்க்கவில்லை.

ஆபீஸ் வாசலில் வண்டி நின்றபோது ஏழாவது பாட்டு முடிந்தது. இனி நாலு காதும் காலி. யாரும் இறங்கவில்லை. ஆவுடையப்பன் நோட்டையும் பேனாவையும் திறந்தபடி எழுந்து நின்றார். வேலுத்தாய் தூக்குச்சட்டியைக் கவிழ்த்து மடியில் வைத்து, இந்தத் தடவை சத்தமாகவே தாளம் போட்டாள். ஜெபக்கனி வாயைத் திறந்து பாடினாள். தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளையின் கரகரத்த குரல்தான், சூசை இல்லை, ஆனாலும் கேட்டு முடித்த காதுகளில் அது விழுந்தது, வண்டியில் இருந்த அத்தனை காதிலும் விழுந்தது.

*போன வண்டின்னு யாரு சொன்னா, புள்ள?*
*பொட்டியத் தூக்கிட்டு மெதுவா வா.*
*நீ வந்து ஏறணும்னுதான் அந்த வண்டி*
*இத்தன வருசம் லேட்டா வருது.*

ஆவுடையப்பன் ஒரு வரிகூட எழுதவில்லை, நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பின்னாலிருந்து யாரோ, "இன்னொரு தடவ படிக்கச் சொல்லு தாயி" என்றார்கள். ஜெபக்கனி இன்னொரு தடவை பாடினாள், மூன்றாம் தடவை வண்டி மொத்தமும் சேர்ந்து பாடியது. ஆபீஸ் சங்கு ஊதியும் மேஸ்திரி உட்பட யாரும் உள்ளே போகவில்லை.

சத்தம் அடங்கியபிறகு வேலுத்தாய் மெதுவாகக் கேட்டாள். "ஏளா, ஏழாவதுக்கு ஸ்டாப்பு சொல்லலயே நீ. இது எதுவரைக்கும் நிக்கும்?"

"மொதல்ல பழம் விடு, சொல்லுதேன்."

வேலுத்தாய் இரண்டு விரலை நீட்டினாள்.